அனன்யாவின் வாய்ப்பு மதிப்பீட்டுக் குழு

நெருப்புக்கு அடுத்தபடியாக மனித குலத்துக்குக் கிடைத்த பெரிய கண்டுபிடிப்பு, தோற்காமல் இருப்பதற்கு ரகுநாதன் கண்டுபிடித்த வழிதான். துபாயில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் அவர் எஸ்டிமேஷன் மேனேஜர். ஜெயிக்க எண்பது சதவீத வாய்ப்பு இல்லாத எந்த டெண்டரையும் அவர் போட விட்டதில்லை. ஆகவே ஒரு டெண்டரைக்கூட இழந்ததில்லை. 'ஒண்ணுகூடக் கிடைக்கவும் இல்லையே' என்று முணுமுணுப்பவர்கள் பொறாமை பிடித்தவர்கள்.

இப்பேர்ப்பட்டவரின் ஒரே மகள் அனன்யா. பி.எஸ்சி. புள்ளியியல் முடித்த கையோடு, அமெரிக்காவில் அதிலேயே எம்.எஸ். படிக்கப் போகிறேன் என்றாள்.

"அப்ளை பண்ணட்டுமாப்பா?"

"அவசரப்படாதம்மா. முதல்ல சான்ஸ் எவ்வளவுன்னு 'அசெஸ்' பண்ணணும். எண்பது வந்தா போடலாம். ரிஜெக்ட் ஆச்சுன்னா நம்ம ஏரியா, இந்தக் கராமா முழுக்கக் கைகொட்டிச் சிரிக்கும்."

கராமா சிரிப்பதைவிட, மகள் ஒரு 'இல்லை'யைப் படித்துவிட்டு அழுவாளே என்பதுதான் அவருடைய உண்மையான பயம். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. உடனே ஓர் 'உயர்மட்டக் குழு' அமைத்தார்.

தலைவர் அவரே. பக்கத்து ஃபிளாட் லுக்மான் பாய், மகன் அமெரிக்காவில் எம்.எஸ். படிப்பதால் உறுப்பினரானார். சவூதியில் அல் கோபாரில் இருக்கும் மனைவியின் அண்ணன் பொன்னுச்சாமி, கூப்பிடாவிட்டால் கோபித்துக்கொள்வார் என்பதால் உறுப்பினரானார். புள்ளியியல் படித்தவள் அனன்யா ஒருத்திதான். 'சம்பந்தப்பட்ட தரப்பு' என்பதால் அவளுக்கு டீ போடும் பொறுப்பு மட்டும் வழங்கப்பட்டது.

கூடுவதில் ஒரு சிக்கல். அல் கோபாரில் வெள்ளி, சனி லீவு. துபாயில் சனி, ஞாயிறு. வளைகுடாவின் தமிழ் மூளைகள் ஒன்றுசேர ஆண்டவன் விட்டுவைத்தது சனிக்கிழமை மட்டுமே. அன்றைக்கு வாரம் தவறாமல் கூடினார்கள், பொன்னுச்சாமி மட்டும் வீடியோவில்.

முதல் கூட்டத்தில் லுக்மான் பாய் ஆதாரத்தோடு பேசினார். "எனக்குத் தெரிஞ்சு அப்ளை பண்ண எல்லாப் பசங்களுக்கும் கிடைச்சிருக்கு சார். நூறு போடுங்க."

"கிடைக்காதவங்க உங்ககிட்ட வந்து சொல்வாங்களா அங்கிள்?" என்றாள் டீயோடு வந்த அனன்யா.

"யாரும் சொன்னதே இல்லையேம்மா. அப்படி ஒருத்தரும் இல்லைங்கிறதுக்கு அதானே ஆதாரம்!"

பொன்னுச்சாமி திரையில் தொண்டையைக் கனைத்தார். "மாப்ள, மார்க்கெல்லாம் ஓகே. ஆனா புள்ள இந்தப் பாடத்தை ஆசைப்பட்டுப் படிக்கிறாளாமே? அது ரிஸ்க்கு. பத்து கழிங்க."

கழித்தார்கள். பிறகு அமெரிக்கக் குளிருக்காகக் கொஞ்சம் கழித்தார்கள். அனன்யா கண்ணாடி போட்டிருப்பதற்காகக் கொஞ்சம் கூட்டினார்கள். கணக்கு எழுபத்தொன்பதில் போய் நின்றுகொண்டது. ஒரு சதவீதம் குறைகிறது! ரகுநாதனுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் ஒரு சனிக்கிழமை மாலை, அவர் மனைவி நளினி சுட்ட வடை பிரமாதமாக இருந்தது. அதைக் 'குடும்பப் பின்னணி' என்ற தலைப்பில் சேர்த்ததும் எண்பது வந்துவிட்டது. பொன்னுச்சாமி கைதட்டினார். லுக்மான் பாய் ரகுநாதனைக் கட்டிக்கொண்டார்.

"கலாஸ், முடிஞ்சுது! அனன்யா, அப்ளை பண்ணும்மா!"

"கடைசித் தேதி நேத்து வெள்ளிக்கிழமையோட முடிஞ்சுதுப்பா."

திரையில் பொன்னுச்சாமி நெட் போனவர் போல உறைந்தார். ரகுநாதன் முகம் வெளிறிவிட்டது. "ஐயோ, முன்னாடியே சொல்லக் கூடாதா? இப்ப சான்ஸ் எவ்வளவு?"

"அப்ளை பண்ணாதவங்களுக்கா? பூஜ்யம்." அவள் டீ கிளாஸ்களை நிதானமாகத் தட்டில் எடுத்து வைத்தாள். "நான் போன மாசமே அம்மா கார்டுல ஃபீஸ் கட்டி அப்ளை பண்ணிட்டேன்."

சமையலறையில் நளினி குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"நீங்க சரின்னு சொல்ல என்ன சான்ஸுன்னு முதல்ல பாத்தேன்ப்பா. ஸ்கூல் டூர், நீச்சல் கிளாஸ், டிரைவிங் லைசென்ஸ்னு டேட்டா நிறைய இருந்துச்சு. அங்க இடம் கிடைக்குமான்னு எனக்குத் தெரியாது. நீங்க விடமாட்டீங்கங்கிறதுலதான் எனக்குச் சந்தேகமே வரல."