கால்சட்டையை இளைக்க வைத்த கதை

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். என் இடது தொடையும் ஏறக்குறைய நலம். அங்கே நீங்களும் குழந்தைகளும் நலமாகத்தான் இருப்பீர்கள், மெஷின் இப்போது என்னிடம் இருப்பதால்.

உங்கள் அக்கா தொலைபேசியில் அழுததைக் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து மரம் அறுக்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறீர்கள் என்று அறிகிறேன். அதற்குமுன் என் தரப்பையும் கேளுங்கள். காற்றில் விழுந்த மரத்தில் பாதி இன்னும் கார் ஷெட் வாசலை மறித்துக் கிடக்கிறது.

நீங்கள் அனுப்பிய பாதுகாப்புச் சாமான்களை நான் அலட்சியம் செய்யவில்லை. ஒவ்வொன்றாகப் பரிசீலித்து நிராகரித்தேன். ஹெல்மெட், தலையில் ஏதாவது விழுந்தால் காக்கும். மரம்தான் ஏற்கெனவே விழுந்துவிட்டதே? காதடைப்பான் போட்டால் உங்கள் அக்கா கூப்பிடுவது கேட்காது. அதைவிடப் பெரிய ஆபத்து மெஷினால் வராது. கண்ணுக்கு என் மூக்குக்கண்ணாடி இருக்கிறது. மிச்சம் அந்தத் தடித்த கால்சட்டை. அதில்தான் உங்கள் அக்கா பிடிவாதமாக நின்றாள். "அதைப் போடாம மெஷினைத் தொட்டீங்க, அன்னிக்கே தம்பிகிட்ட திருப்பிக் கொடுத்துடுவேன்." போட்டுப் பார்த்தேன். இரண்டு மெத்தைகளுக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தது. குனிய முடியவில்லை, குனிந்தபின் நிமிர முடியவில்லை. உத்தரவையும் மீறாமல் உடம்பையும் வருத்தாமல் ஒரு வழி தேடித் தெருமுனைத் தையல்காரரிடம் கொண்டுபோனேன். அவர் தையலைப் பிரித்துப் பார்த்து, "சார், உங்களை நல்லா ஏமாத்தியிருக்கான். உள்ளே பூரா கழிவு நூலைத் திணிச்சு வெச்சிருக்கான்"னார். "உருவிடுங்க"ன்னேன். உருவினார். கால்சட்டை ஜம்மென்று பொருந்தியது. உருவிய நூலை வீணாக்காமல் நாற்காலிக்கு ஒரு குஷனும் தைத்துக் கொடுத்தார், நல்ல மனுஷன்.

மறுநாள் ஒரு கிளையில் மெஷின் துள்ளித் தொடையில் உரசியது. துணி கிழிந்தது, தோல் சிராய்த்தது. நர்ஸம்மா கட்டுப் போட்டுக்கொண்டே, "இன்னும் ஒரு விரல்கடை ஆழம் போயிருந்தா நடந்து வந்திருக்க மாட்டீங்க சார்"ன்னாங்க. வீட்டுக்கு வந்து நாற்காலியில உட்கார்ந்தேன். உங்க அக்கா கால்சட்டையோட வந்த விளக்கத் தாளைத் தேடி எடுத்துச் சத்தமா வாசிச்சா. மெஷினோட பல்லுச் சங்கிலி பட்டதும் உள்ளே இருக்கிற நூல் வெளியே வந்து, அதுல சுத்திக்கிட்டு, மெஷினை நிறுத்துமாம். வாசிச்சு முடிச்சு என்னைப் பார்த்தா.

"உங்க காலைக் காப்பாத்த வேண்டிய சாமான் மேலதான் இப்ப உட்கார்ந்திருக்கீங்க."

எழுந்துகொண்டேன்.

ஆகவே, மெஷினை எடுத்துப் போகாதீர்கள். மரத்தைப் பாதியில் விட்டால் தெருவில் தலைகாட்ட முடியாது. என் அளவில் புதுக் கால்சட்டை ஒன்று வாங்கி அனுப்புங்கள். இனி எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டுதான் நிற்பேன், நிமிர முடிகிறதோ இல்லையோ. குழந்தைகளுக்கு என் ஆசிகள். சகல அவயவங்களோடும் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள அத்தான்

பின்குறிப்பு: உங்கள் அக்கா இதைப் படித்துவிட்டாள். மெஷினை எடுக்க நீங்கள் வரவேண்டாமாம். அந்த மட்டில் எனக்கு வெற்றி. புதுக் கால்சட்டையும் வேண்டுமாம். அளவு மட்டும் அவளுடையது. மீதி மரத்தை அவளே அறுக்கப் போகிறாள். நான் ஷெட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொள்ளலாம் என்று அனுமதி கிடைத்திருக்கிறது.