தண்ணீர்த் தொட்டிக்குள் பாடிய பாட்டைத் துடைத்த கொழுந்தனுக்கு

விம்கோ நகர், திருவொற்றியூர்
12.6.2005

அன்புள்ள கொழுந்தனார் அறிவுக்கு அண்ணி செங்கொடி எழுதுவது. இங்கே நானும் மகள் மதியும் தண்ணீர் வருகிற நாளில் நலம், வராத நாளில் சுமார். பெங்களூரில் நீயும் உன் கம்ப்யூட்டரும் நன்றாக இருக்க வேண்டும், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கிற வரைக்குமாவது.

சிடி போடுகிறதுக்கு முன்னால் கேட்டுப் பார்க்கச் சொல்லி நீ அனுப்பின கேசட்டை லூயிஸ் அண்ணன் கொண்டுவந்து கொடுத்தார். உன் அண்ணன் போய் எட்டு மாதம் ஆகிறது. முதல் வருஷ நினைவு நாளுக்குள் அவர் பாட்டையெல்லாம் சிடியாகப் போடுகிறேன் என்று நீ சொன்னபோது சந்தோஷமாக இருந்தது. டேப்பில் இருக்கிற இரைச்சலைத் துடைத்துவிடுகிறேன் என்றும் சொன்னாய். பீரோவைத் துடைக்கிற மாதிரி மேலாகத் துடைப்பாய் என்று நினைத்தேன். நீ பீரோவுக்குள் இருந்ததையும் சேர்த்துத் துடைத்து வைத்திருக்கிறாய். அதற்குத்தான் சண்டை பிடிக்க உட்கார்ந்திருக்கிறேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, முழுக்கப் படி.

நீ படிக்க வெளியூர் போய்விட்டாய், அவர் பாட்டுக்காரர் ஆன கதை உனக்கு முழுசாகத் தெரியாது. எண்ணூரில் பவுண்டரி வேலை முடிந்து வந்தால் சாவு வீட்டில் கானா பாடுவார், அவ்வளவுதான். தொண்ணூற்றேழில் ராயபுரத்தில் ஒரு சாவுக்குப் போன இடத்தில், சர்ச்சில் கிதார் வாசிக்கிற லூயிஸ் அண்ணனைப் பார்த்தார். பிணம் எடுக்கிறதுக்குள் ரெண்டு பேரும் தோஸ்து. வீட்டுக்கு வந்து, “கானாவுக்கு கிதார் வெக்கிறோம், டிரம்ஸ் வெக்கிறோம், இதுக்குப் பேரு ஃபோக் ராக்கு” என்றார். சோறு போடும்மா என்று சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். ‘உப்புக்காத்து’ என்று குழுவுக்குப் பேர் வைத்தார்கள். எழுதுவது அவர், மெட்டுப் போடுவது அவர், பாடுவது அவர், கேசட் அட்டைக்குப் பசை தடவுவது நான். அட்டையில் ‘புரொடியூசர்: வரதன்’ என்று அதற்கும் அவர் பேரே இருந்தது. “புரொடியூசர்னா இன்னாய்யா?” என்று கேட்டேன். “ரெக்கார்டிங் நேரத்துல ஃபேன நிறுத்தச் சொல்றவன்டி” என்றார். பொய் இல்லை, அந்த மே மாதம் முழுக்க எங்கள் வீட்டில் ஃபேன் ஓடவில்லை. ஃபேனை நிறுத்தினாரே தவிர என் குக்கரை நிறுத்த முடியவில்லை. முதல் கேசட்டில் மூன்றாவது பாட்டில் நாலு விசில் வரும், அது காதல் பாட்டு வேறு. விற்காமல் மிஞ்சின கேசட்டை எல்லாம் லூயிஸ் அண்ணன் அம்மா எடுத்து, டேப்பை உருவி, கருவாடு காயப்போட்ட இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிவிட்டது. அது வெயிலில் பளபளவென்று ஆடினதும் ஒரு காக்காகூடக் கிட்டே வரவில்லை. அதற்கும் உன் அண்ணனுக்குச் சந்தோஷம். “மன்சன் கண்டுக்கலன்னா இன்னா, காக்காவாச்சும் கண்டுக்குதே!”

இரண்டாவது கேசட்டுக்கு டோல்கேட் பக்கத்தில் மேடை போட்டார்கள். கிதாரை மைக் செட்டில் சொருகினதுதான் தாமதம், தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. சனம் அடிக்க வருமோ என்று நான் மதியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு செருப்பைத் தேடினேன். இவர் மைக் இல்லாமலே, கரண்ட் போன தெருவைப் பற்றி அங்கேயே ஒரு பாட்டுக் கட்டிப் பாட ஆரம்பித்தார். கரண்ட் திரும்ப வந்தபோது, “அணைங்கப்பா, பாட்டு முடியட்டும்!” என்று சனமே கத்தியது. அன்றைக்குத்தான் செருப்பைத் தேடுவதை விட்டேன்.

இனி நீ கெடுத்து வைத்த பாட்டுக்கு வருகிறேன். ரெண்டு வருஷத்துக்கு முந்தின கோடை. பதினோரு நாள் தண்ணீர் லாரி வரவில்லை. எங்கள் பிளாக் வாசலில் தரைக்கு அடியில் இருக்கிற சம்ப் தொட்டி காய்ந்து கிடந்தது. அவனவன் காலிக் குடத்தோடு அழுகிறான், இவர் தொட்டிக்குள் தலையை விட்டு “ஏய்” என்று கத்திப் பார்த்துவிட்டு, புதையல் கிடைத்தவர் மாதிரி ஓடி வந்தார். “செங்கொடி, இன்னா ஒரு எதிரொலி! இந்த மாதிரி எவன் ஸ்டுடியோலயும் கெடையாது!” ஏணி வைத்து, லூயிஸ் அண்ணனிடம் பழகின கிதாரும் மைக்குமாக உள்ளே இறங்கிவிட்டார். மேலே டேப் ரெக்கார்டரோடு லூயிஸ் அண்ணன். லாரி வருகிறதா என்று பார்க்க கேட்டில் என்னை நிறுத்தினார். பதினோரு நாள் வராத லாரி, இவர் கடைசி சரணத்துக்கு வந்தபோது மூலையில் திரும்பியது. நான் ஓடி வந்து, “யோவ், லாரி வந்துடுச்சி, ஏறு!” என்று கத்தினேன். உள்ளே இருந்து, “இதோ வந்துட்டேன் செங்கொடி” என்றார். வந்தாரா? இல்லை. இன்னும் ரெண்டு வரி பாக்கியாம். லாரிக்காரர் ஹோஸைத் தொட்டியில் விட்டார். கீழ்வீட்டு மங்கை குனிந்து, “பாட்டுக்காரரே, மேல வர்றியா, இல்ல உன்னியும் சேத்து கொடத்துல புடிச்சிக்கவா?” என்று கேட்டது. கிதாரைத் தலைமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்று, ரெண்டு வரியையும் பாடி முடித்துவிட்டுத்தான் ஏறினார். அவர் கால் நனைத்த தண்ணீரில் சோறு ஆக்க மாட்டேன் என்று மங்கை ரெண்டு நாள் சண்டை. மூன்றாம் நாள் ஆக்கியது, வேறு தண்ணீர் ஏது?

அந்த டேப்பை அவர் வராந்தாவில் போடாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அதில் அவர் பாட்டு இருக்கும், லாரி ஹாரன் இருக்கும், மங்கை இருக்கும், நான் இருப்பேன். உன் கேசட்டில் இவர் ஆஸ்பத்திரியில் பாடுகிற மாதிரி அவ்வளவு சுத்தமாக இருக்கிறது. அந்த இடத்தை வெட்டிவிட்டு, வேறு இடத்து கிதாரைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறாய் என்று லூயிஸ் அண்ணன் சொன்னார். கிதார் மட்டும் ஓடுகிறது. நானும் கூப்பிடவில்லை, அவரும் வரேன் என்று சொல்லவில்லை.

தம்பி, பவுண்டரியில் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார். என் பேரைச் சொல்லி அவர் பேசினது உலகத்தில் அந்த ஒரு டேப்பில்தான் இருக்கிறது, அதுவும் உன்னிடம் இருக்கிறது. அழித்துவிட்டாயோ என்று மூன்று நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. துடைத்ததையெல்லாம் திரும்பப் பாட்டில் வை. முடியாது என்றால் சிடியே வேண்டாம். இது அண்ணி சொல்கிற முடிவு, இதில் மாற்றம் இல்லை.

வேளைக்குச் சாப்பிடு. காதில் பாட்டுக் கேட்கிற மிஷினை மாட்டிக்கொண்டே தூங்காதே. சீக்கிரம் ஒரு பெண்ணைப் பார்த்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டு, வீட்டில் சத்தமாக நூறு வருஷம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு
உன் அண்ணி
செங்கொடி

பி.கு: நீ பண்ணின அநியாயத்துக்குச் சாட்சி வேண்டுமே என்று, கவரை ஒட்டுகிறதுக்கு முன்னால் பிளாக் சனத்தைக் கூப்பிட்டு வராந்தாவில் உன் கேசட்டைப் போட்டேன். நீ துடைத்த இடம் வந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, மூன்று மாடியும் சேர்ந்து “யோவ், லாரி வந்துடுச்சி, ஏறு!” என்று கத்தியது. மங்கைதான் முதல் ஆள். அப்புறம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கிதார் ஓடிக்கொண்டிருந்தது, பதில் சொல்ல ஆள் இல்லை. சரி என்று நானே “இதோ வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டேன். “இன்னொருவாட்டி போடு செங்கொடி” என்றார்கள். நாலு தடவை போட்டோம். எட்டு மாதத்தில் இன்றைக்குத்தான் இப்படிச் சிரித்தேன். அதனால் மேலே எழுதினதையெல்லாம் விட்டுத்தள்ளு, சிடியை அப்படியே போடு. அவர் சொன்ன பதில் எனக்குச் சொன்னது, அது ஊருக்கு எதற்கு? அந்தப் பழைய டேப்பை மட்டும் அழிக்காமல் லூயிஸ் அண்ணன் கையில் பத்திரமாகக் கொடுத்தனுப்பு, தபாலில் போடாதே. இன்னும் ஒரே ஒரு வேலை: அந்த இடத்தில் ஒரு மூச்சு அளவுக்குக் கூடுதலாக கிதாரை விடு. மூன்றாம் மாடிக்காரர்கள் கொஞ்சம் தாமதமாகக் கத்துகிறார்கள்.