எட்டு மடிப்புச் சேலையும் ஓர் அம்பும்

“புத்தகத்தப் பாத்து வில்லு கட்டுற எண்டா, நாளைக்கு எங்கட கோழியும் புத்தகம் பாத்துத்தான் முட்டையிடும்.”

இப்படிச் சொன்னவர் என் பெரியவாப்பா, வாப்பா ‘காக்கா’ என்று கூப்பிடும் அண்ணன். மருதமுனையில் எங்கள் வளவில் நான்கு தறிகள் இருந்தன. எந்தத் தறியில் என்ன நெய்வது, எவரை எவருக்குக் கட்டிக்கொடுப்பது, மழை எப்போது பெய்வது என்பதையெல்லாம் தீர்மானிப்பவர் அவர்தான். (மழை மட்டும் சில வேளை சொல்வழி கேட்பதில்லை.) அந்த வளவில் பள்ளிக்கூடம் போய் எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிய முதல் ஆள் நான். ஆணிலும் சரி, பெண்ணிலும் சரி. இதை நானே சொல்லக்கூடாது. ஆனால் அந்த நாளில் நான்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வந்த தந்தியை வாசித்துக் கொடுக்கும்போதுகூட, அழ வேண்டிய வீட்டாரை இரண்டு நிமிடம் காக்க வைத்துத் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் தொடங்குவேன்.

அப்போது பெண்கள் பாடசாலையில் உதவியாசிரியை வேலை பார்த்தேன். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு மட்டக்களப்பிலிருந்து வரும் கல்வி அதிகாரி சிபாரிசுக் கடிதம் எழுதித் தரவேண்டும். பெரியவாப்பா தம் தீர்ப்பை முன்பே சொல்லியிருந்தார். “அந்தாள் எழுதித் தந்தா அனுப்புறன். தராட்டி நாலாந் தறி சும்மாதான் கிடக்கு.”

நாலாந் தறி என்னைப் பார்த்து முறைத்துக்கொண்டே கிடந்தது.

அந்த வருடப் பாடசாலைக் கண்காட்சிக்கு அதிகாரி வருவதாக இருந்தது. எங்கள் தலைமை ஆசிரியையை எல்லோரும் பெரிய டீச்சர் என்போம். அவருக்குத் தெரிந்த ஒரு தோட்டத்துத் துரைசாணி சீமைக்குத் திரும்பும்போது, கொண்டுபோக விருப்பமில்லாத சாமான்களைப் பாடசாலைக்கு அன்பளிப்பாகத் தந்துவிட்டுப் போயிருந்தார். உடைந்த பூச்சாடி, ஒற்றைக் கால் சப்பாத்து, இவற்றோடு ஆறடி உயரத்தில் ஒரு மரவில், பன்னிரண்டு மர அம்புகள், ஒரு சின்ன இங்கிலீஷ் கைநூல்.

“இத ஆராவது வாசிச்சு, பிள்ளையளுக்கு எய்து காட்டினா அதிகாரி சந்தோசப்படுவார்” என்றார் பெரிய டீச்சர். அவர் வாக்கியத்தை முடிக்குமுன் என் கை மேலே போய்விட்டது. கூரை கொஞ்சம் தாழ்வாக இருந்திருந்தால் அதையும் துளைத்துக்கொண்டு போயிருக்கும்.

வில்லுக்கு நாண் இல்லை. எலி தின்றுவிட்டது. சணல் நூலைப் புரியாக முறுக்கித் தேன்மெழுகு பூசும்படி கைநூல் சொன்னது. நெசவுகாரன் மகளுக்கு நூலைப் பற்றி வெள்ளைக்காரன் சொல்லித்தருவதா? தறியடியில் கிடந்த பருத்தி நூலை அள்ளி, அறுபது இழையை ஒன்றாக முறுக்கி, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியில் முக்கிக் காயவைத்தேன். பென்சில் பருமனில் ஒரு கயிறு வந்தது. அம்பின் வால் வெட்டு அதன்மேல் ஏறவில்லை. கயிறு தப்பாக இருக்கமுடியாது, நான் முறுக்கியதாயிற்றே. எனவே பன்னிரண்டு அம்பின் வெட்டையும் அரத்தால் அகலப்படுத்தினேன்.

வில்லின் பிடிக்கும் நாணுக்கும் நடுவே, பெருவிரலை நிமிர்த்திய முஷ்டி அளவு இடைவெளி இருக்கவேண்டும் என்று கைநூலில் இருந்தது. காலையில் கட்டும்போது அந்த அளவு சரியாகத்தான் இருக்கும். கடற்காற்று பட்டுக் கஞ்சி இளக, நாணும் நீண்டுவிடும். பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்கு முஷ்டியும் இருக்காது, பெருவிரலும் இருக்காது. விட்ட நாண் நேரே இடது முன்கையில் வந்து சாத்தும்.

“கையில என்னடி, ஆராவது அடிச்சாங்களா?” என்று உம்மா கேட்டா.

“இது படிப்பு உம்மா.”

“நல்ல படிப்புத்தான். எண்ணெய் பூசு.”

அடுத்த அத்தியாயம், அம்பு எவ்வளவு வளையவேண்டும் என்பது பற்றியது. இன்ன பலமுள்ள வில்லுக்கு இன்ன விறைப்புள்ள அம்பு, விறைப்பு மிஞ்சினால் ஒரு பக்கம் இழுக்கும், தேய்த்து மெலிதாக்கவேண்டும் என்று ஒரு முழுப் பக்கம். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்பு நேராக அல்லவா இருக்கவேண்டும். வளைவதைப் பற்றி எதற்கு ஒரு பக்கம்? கடினமான சொற்கள் வேறு. பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

பாடசாலைக்குப் பின்னால் மணல்தரையில் வைக்கோல் கட்டு ஒன்றை வைத்து, இருபது எட்டு வைத்த தூரத்தில் நின்று எய்து பழகினேன். எல்லா அம்பும் சொல்லிவைத்தாற்போல இலக்குக்கு ஒரு முழம் இடப்பக்கம், ஒரு சாண் கீழே போயின. அறிவு குறைந்த யாராவது இருந்தால், ஏன் அப்படிப் போகிறது என்று யோசித்து நேரத்தை வீணாக்கியிருப்பார்கள். நான் ஒரு முழம் வலப்பக்கமும் ஒரு சாண் மேலேயும் பார்த்து எய்யத் தொடங்கினேன். பன்னிரண்டில் பத்து அம்பு வைக்கோலில் குத்தி நின்றது. அப்பியாசக் கொப்பியில் ‘திருத்தம்’ என்று தலைப்பிட்டு, இரண்டு கோடும் கீறி, இந்தக் கண்டுபிடிப்பை எழுதிவைத்தேன். இப்படியே பத்து நாள்.

கண்காட்சிக்கு முதல் நாள் இரவு, வில்லை வாப்பாவின் தறிக்காலில் சாத்திவிட்டுப் படுத்தேன். காலையில் அவசரமாகக் குளித்து உடுத்து, முக்காட்டை நழுவாதபடி ஊசியால் குத்திக்கொண்டு, வில்லைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நாண் வழக்கத்தைவிட மெலிதாகத் தெரிந்தது. கஞ்சி நன்றாகக் காய்ந்து இறுகியிருக்கிறது என்று எனக்கு நானே விளக்கம் சொன்னேன். (படித்தவளிடம் எதற்கும் ஒரு விளக்கம் கைவசம் இருக்கும்.) ஓர் அம்பாவது எய்து பார்க்க நேரமில்லை. அதிகாரியின் கார் வந்துவிட்டது.

மைதானத்துக்கு வந்தால், வைக்கோல் கட்டுக்கு வலப்பக்கம் புதிதாக ஒரு கயிறு. அதில் பெரியவாப்பாவின் சேலை தொங்கியது. ஊர்க் கைத்தறிகளைக் காட்டும் பகுதியில் வைப்பதற்காக அவர் இரண்டு மாதம் இருந்து நெய்தது. பச்சை உடல், சிவப்புக் கரை. முந்தானையில் உள்ள பெரிய பூ வெளியே தெரியும்படி எட்டாக மடித்துத் தொங்கவிட்டிருந்தார். அந்த இடத்தில்தான் வெளிச்சம் நன்றாக விழுகிறதாம்.

பெரிய டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டது. “பிள்ள, சேலைய அங்கால எடுக்கச் சொல்லுவமா?”

“தேவையில்ல டீச்சர். அந்தப் பக்கம் போகாது” என்றேன்.

அது பெரியவாப்பாவின் காதிலும் விழுந்தது. “எடுக்கிறதா? இவள்ற அம்பு சேல வரைக்கும் வந்தா, அதுவே எனக்குப் பெரும.”

அதிகாரி முன்வரிசைக் கதிரையில் குறிப்புப் புத்தகத்தோடு உட்கார்ந்தார். ஊர் முழுவதும் சுற்றி நின்றது. ஒரு முழம் வலப்பக்கம், ஒரு சாண் மேலே என்று கண்ணால் அளந்தேன். அளவு சரியாக அந்தப் பூவின் நடுவில் வந்து நின்றது. எனக்கு அது மிகவும் வசதியாகப் பட்டது. இத்தனை நாளும் வெறும் காற்றைக் குறிபார்த்த எனக்கு, இன்று குறிபார்க்கச் சிவப்பாக ஒரு புள்ளி. மனதுக்குள் பெரியவாப்பாவுக்கு நன்றி சொல்லி, பூவின் நடுவைப் பார்த்து இழுத்து விட்டேன்.

நாண் கையில் அடிக்கவில்லை. அதைக் கவனித்து ஆச்சரியப்படுவதற்குள், ‘சட்’ என்று ஒரு சத்தம். வைக்கோல் கட்டு அப்படியே இருந்தது. அம்பு பூவுக்கு நடுவில், இறகு வரை உள்ளே போய்த் தொங்கிக்கொண்டிருந்தது.

 முதலில் கைதட்டியவர் அதிகாரிதான். பூதான் இலக்கு என்று அந்த மனிதர் நினைத்துவிட்டார். அவர் தட்டியதால் ஊரும் தட்டியது.

“அருமையான குறி. பூவைப் பார்த்தா எய்தனீர்?” என்றார் அதிகாரி.

அந்த ஒரு நொடியை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது. இல்லை என்றால் எனக்கு எய்யத் தெரியாது, கடிதம் போய்விடும். ஓம் என்றால் பெரியவாப்பாவின் சேலையை வேண்டுமென்றே துளைத்தவள் ஆவேன். நான் வில்லைக் கம்பீரமாக ஊன்றிக்கொண்டு சொன்னேன். “ஓம் சேர். பூவத்தான் பாத்தன்.”

(பொய் இல்லையே. அதுதான் அதில் மோசமான பகுதி.)

அதிகாரி குறிப்புப் புத்தகத்தில் ஒரு வரி எழுதினார். பெரியவாப்பா சேலையைக் கயிற்றிலிருந்து இறக்கி, அம்பை உருவி, ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தார். ஓர் அம்பு, எட்டு ஓட்டை. முழுச் சேலையையும் பிரித்துப் பிடித்தபோது, ஓட்டைகளின் வழியே வெயில் வந்து மணலில் எட்டுப் பொட்டு வைத்தது.

“கேட்டீங்களா, பாத்துத்தான் அடிச்சாளாம்” என்றார் ஊரைப் பார்த்து. “கோழி எண்டு ஒரு கத சொன்னதுக்கு, புள்ள சேலையில பதில் எழுதியிரிக்கி.”

அப்போதுதான் வாப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். வாப்பா ஒரு நாளைக்குப் பத்துச் சொல்லுக்கு மேல் கதைக்காதவர். அன்று தலையைக் குனிந்துகொண்டு, எல்லாவற்றையும் மொத்தமாகக் கதைத்தார்.

“காக்கா, புள்ளையில பிழ இல்ல. கயித்த நான்தான் மாத்தின. இவ முறுக்கின கயித்துல புரி ஒண்டும் சரியில்ல. அத ஆராவது பாத்தா எங்கட வீட்டு நூல் எண்டு சொல்லுவாங்க. வெக்கமா இரிந்திச்சி. விடிய சுபஹு தொழுதிட்டு வந்து மெல்லிசா வேற முறுக்கி, மெழுகு பூசி, அம்பு நிக்கிற இடத்துல நூல் சுத்தி வச்ச. நல்லாத்தானே போகுது.”

நல்லாத்தான் போனது. அதுதானே பிரச்சினை. என் தடிக் கயிற்றின் மந்தத்தில் இடப்பக்கமும் கீழேயும் போன அம்பு, வாப்பாவின் கயிற்றில் வேகமெடுத்து, பார்த்த இடத்துக்கே போய்விட்டது. பிழையான புரியோடு ஒரு நூல் வீட்டுப் படி தாண்டப் பொறுக்காத நெசவுகாரர் என் வாப்பா. மகளின் சட்டைக் கழுத்தைச் சரிசெய்வது போல வில்லைச் சரிசெய்துவிட்டு, சொல்லவும் மறந்துவிட்டார்.

அதிகாரி என்னைக் கிட்டே கூப்பிட்டு விசாரித்தார். ஒரு முழம், ஒரு சாண் திருத்தத்தைச் சொன்னேன்.

“அப்படியெண்டால், படக்கூடாத இடத்தைப் பார்த்துத்தான் நீர் எய்து பழகினீரா?”

“ஓம் சேர்.”

“எத்தினை நாள்?”

“பத்து நாள்.”

“அம்பு ஏன் விலகுது எண்டு பார்க்கேல்லையா?”

“புத்தகத்துல அதுக்கு ஒரு பக்கம் இருந்திச்சு சேர். நான் வாசிக்கல்ல.”

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். எழுதிய வரியைக் குறுக்கே வெட்டிவிட்டு, “வாசிச்சு முடிச்சதும் எனக்கு எழுதும். வந்து பார்க்கிறன்” என்றார். கார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மட்டக்களப்புப் பக்கம் போய் மறைந்தது. பெரியவாப்பா சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைக் கடந்து போகும்போது, “நாலாந் தறிக்கு நாளைக்குப் பாவு போடுற” என்று மட்டும் சொன்னார்.

பாவு போட்டார்கள். நானும் தறியில் இருந்தேன். பகலில் தறி, அஸருக்குப் பிறகு, வாசிக்காமல் புரட்டிய அந்தப் பக்கம். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்தை வாசிக்க எனக்கு நான்கு நாள் எடுத்தது. (எஸ்.எஸ்.சி. பாஸ்.) அம்பின் இரண்டு நுனிக்கும் கல் வைத்து, நடுவில் ஒரே எடைப் படிக்கல்லைத் தொங்கவிட்டு, எது எவ்வளவு வளைகிறது என்று அடிமட்டத்தால் அளந்தேன். வாப்பாவின் நாணுக்கு ஐந்து அம்புகள் பொருந்தின. மீதி ஏழும் மரக்கட்டை போல விறைத்து நின்றன. தச்சன் பலகை தேய்க்கும் தாளை வாங்கிவந்து, தேய்ப்பதும் எய்வதும் மறுபடி தேய்ப்பதுமாக ஒரு மாதம் போனது. ஓர் அம்பை அளவு மீறித் தேய்த்து ஈர்க்கில் ஆக்கிவிட்டேன். அது இப்போது உம்மாவின் அடுப்படியில் அப்பம் கிளப்ப உதவுகிறது.

பிறகு அதிகாரிக்கு எழுதினேன். வந்தார். மீதிப் பதினொரு அம்பையும் வைக்கோலின் நடுவை நேரே பார்த்து எய்தேன். ஒன்பது அங்கேயே குத்தி நின்றன. மற்ற இரண்டும் நான் பயத்தில் விட்டவை. அவற்றில் மரத்துக்குப் பங்கில்லை. அன்றைக்கே கடிதம் எழுதித் தந்தார்.

அந்தக் கடிதத்தோடு நான் பயிற்சிக் கல்லூரிக்குப் போய், இரண்டு வருடம் முடித்துத் திரும்பியும் வந்துவிட்டேன். ஆனால் எங்கள் வளவில் எவராவது ஒன்றை அடித்துச் சொன்னால், “அந்தப் பக்கம் போகாது டீச்சர்” என்று இன்றைக்கும் ஒரு குரல் வரும். மழை வராது என்று சொன்னாலும் அதுதான், மாப்பிள்ளை வீட்டார் சீதனம் கூடுதலாகக் கேட்கமாட்டார்கள் என்று சொன்னாலும் அதுதான். பெரியவாப்பா அந்தச் சேலையை விற்கவும் இல்லை, தைக்கவும் இல்லை. வருகிறவர்களுக்கெல்லாம் பிரித்துக் காட்டுகிறார். “எட்டு மடிப்பு. ஒரே அம்பு. பூவுக்குச் சரி நடுவுல. எங்கட புள்ள.” கதையின் மீதியை அவர் சொல்வதில்லை. நானும் திருத்துவதில்லை.

போன வாரம், பாடசாலைப் பிள்ளைகள் ஆறு பேருக்கு வில்லுப் பழக்க அனுமதி கேட்டு அவர்களின் வீடு வீடாகப் போனேன். ஐந்து உம்மாமார் அன்றைக்கே ஓம் என்றார்கள். ஆறாவது உம்மா, “எங்கட வேலி வரைக்கும் அம்பு வருமா டீச்சர்?” என்று கேட்டா. நான் உடனே வீட்டை விட்டு இறங்கி, அந்த வேலியிலிருந்து மைதானம் வரை எட்டு மேல் எட்டு வைத்து அளந்தேன். அளந்துவிட்டுத் திரும்பிப்போய், “வரும்” என்று சொன்னேன். வைக்கோல் கட்டை நேற்றே அந்த வேலிக்கு எதிர்ப்புறம், கடல் பக்கம் தூக்கி வைத்துவிட்டேன்.