அத்தி மரத்துக்குப் படர்தாமரை

அன்பு மாப்பிள்ளைக்கு அத்தான் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அக்காவும் சுகம். அங்கு நீங்களும் உங்கள் நாற்றுப் பண்ணையின் செடிகொடிகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். எங்கள் அத்தி மரத்துக்குத்தான் சுகமில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அதன் இலையில் பழுப்புப் புள்ளியைப் பார்த்துவிட்டு, "இது பூஞ்சை அத்தான், மேலேருந்து தண்ணி ஊத்தாதீங்க, உதிர்ந்த இலையைக் கூட்டி எடுத்துடுங்க" என்றீர்கள். நானோ, "முப்பத்தஞ்சு வருஷம் தோல் டாக்டரா இருந்தவன், பூஞ்சையைப் பத்தி எனக்கே பாடமா?" என்றேன். அன்று போனவர்தான் நீங்கள்.

பிறகு வைத்தியத்தை நானே பார்த்தேன். பழுப்புப் புள்ளி, சுற்றி மஞ்சள் வளையம், சந்தேகமேயில்லை, படர்தாமரைதான் என்று பூதக்கண்ணாடி வைத்து முடிவு கட்டி, ஏணி போட்டு ஏறி ஒவ்வோர் இலையாகக் களிம்பு தடவினேன். நாற்பதாவது இலையில் ஏணி சாய்ந்து நான் கிளையில் தொங்க, பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஓடிவந்து காலைப் பிடித்து இறக்கிவிட்டு, "டாக்டர், நீங்க பொழைச்சிட்டீங்க, கிளைதான் போயிடுச்சு" என்று துக்கம் விசாரித்தார். அதற்கும் அசராமல் தினமும் குழாயைப் பிடித்து மரத்தைத் தலையோடு குளிப்பாட்டினேன், உதிர்ந்ததையெல்லாம் உரமாகட்டும் என்று அடியிலேயே குவித்தேன், புள்ளி கீழ்க்கிளையிலிருந்து உச்சிக்கு ஏறி, இரண்டு மாதத்துக்கு முன் மரமே மொட்டை!

அன்று உங்கள் அக்கா சமையலறை ஜன்னல் வழியாகக் கேட்டாள்: "ஏங்க, வர்றவங்க எல்லார்கிட்டயும் ஈரமா வெச்சுக்காதீங்க, காத்துப் படணும், சுத்தமா இருக்கணும்னு சொல்லிச் சொல்லியே ரிட்டயர் ஆனீங்க. மரம் வாயைத் திறந்து கேட்டாத்தான் அதுக்கும் சொல்லுவீங்களா?"

குழாயைக் கீழே போட்டேன். உங்களுக்கு எழுதத்தான் இத்தனை நாள் பேனா நகரவில்லை. நீங்க சொன்னதுதான் சரி மாப்பிள்ளை. அன்னிக்கு உங்க முகம் வாடினதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேனே, அது பெரிய தப்பு. மனசுல வெச்சுக்காம ஒரு நடை வந்து பாருங்க. மரம் பிழைக்குமான்னு மட்டுமாவது சொல்லுங்க.

தங்கச்சிக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
வீம்பு இறங்கிய அத்தான்

பி.கு.: இது நேற்று எழுதியது. மொட்டையானதிலிருந்து மரத்தை நிமிர்ந்து பார்க்கவே மனமில்லாதிருந்தவன் இன்று காலை பார்த்தால் மரமெங்கும் துளிர், ஒரு புள்ளிகூட இல்லை! "பாத்தியா என் களிம்பை!" என்று நான் கூவ, உங்கள் அக்கா, "ஆறு வாரமா தம்பிதான் வந்து இலையெல்லாம் அள்ளிட்டு, நெருக்கமான கிளையைக் கழிச்சு, வேருக்கு மட்டும் தண்ணி விட்டுட்டுப் போறான். நீங்க மத்தியானம் குறட்டை விடுற நேரமாப் பார்த்து" என்கிறாள். இலைக்குவியல் மக்கிவிட்டது என்றல்லவா நம்பிக்கொண்டிருந்தேன்! ஆகவே இதைத் தபாலில் போடவில்லை, கேட்டில் செருகியிருக்கிறேன். வந்ததும் எடுத்துப் படிங்க. படிச்சிட்டு என்னை எழுப்புங்க.