மூலைவீட்டுச் சுவர்

"யார் பண்ணின வேலை இது?" ஹரிநாராயணன் தெருமுனையில் நின்று கத்தினார்.

ஸ்ரீவராகம் வார்டில் அவர் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரே ஒரு வார்த்தை: 'புக்டு'. கார்ப்பரேஷன் தேர்தல் வந்தால் கட்சிகள் இப்படித்தான் எழுதிச் சுவரைப் பிடித்து வைக்கும். பிறகு வேறு யாரும் அதில் கை வைக்க மாட்டார்கள். இதில் எந்தக் கட்சி என்றுகூட எழுதவில்லை.

"சுவரை விடுங்கோன்னா. சாக்கடை அடைச்சிண்டு நாறறது, அதைப் பாருங்கோ," என்றாள் மனைவி சாவித்ரி. சாக்கடைக்காக அவள் ஏழு மனு எழுதிப் பார்த்துவிட்டாள்.

"சாக்கடை நாறினா மூக்கைப் பொத்திக்கலாம். சுவர்ல ஒரு கட்சி ஏறினா இன்னொரு கட்சிக்காரன் முகம் கொடுத்துப் பேச மாட்டான்!"

முப்பது வருஷம் அரசாங்க ஆபீசில் எல்லாக் கட்சிக்காரர்களையும் பார்த்து ஒரே அளவு சிரித்து ஓய்வு பெற்றவர். பாவம், அந்த நல்ல பேரை விட அவருக்கு மனசில்லை. தானே பிரஷ்ஷை எடுத்து வெள்ளையடித்தார்.

பளிச்சென்ற சுவரைப் பார்த்ததும் ஒரு கட்சி வந்து எழுதிவிட்டுப் போனது. பாரபட்சம் கூடாதே என்று மறுபாதியை எதிர்க்கட்சிக்குக் கொடுத்தார். கேட் பக்கம் யாருக்கு என்று இரண்டு கட்சியும் மல்லுக்கு நின்றன. பயந்துபோய் மொத்தத்தையும் மறுபடி வெள்ளையடித்தார். இப்போது இரண்டு பேருமே அவரைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

கடைசியில் சுவரெழுதும் இசக்கிப்பாண்டியைக் கூட்டிவந்தார். "என் பேரையே எழுதுப்பா, சுயேச்சை வேட்பாளர்னு. ஒருத்தனும் தொடமாட்டான். நான் என்ன, நிஜமாவா நிக்கப் போறேன்?"

பாதி எழுதும்போதே கட்சிக்காரன் சுமந்த் ஸ்கூட்டரை நிறுத்தி, மலையாளம் கலந்த தமிழில் சிரித்துக்கொண்டே சொன்னான். "சாமி, இது வனிதா வார்டல்லே! ஆம்பளைங்க நிக்க முடியாது."

"தெரியும், தெரியும்," என்று சமாளித்தார். அவன் போனதும் இசக்கிப்பாண்டியின் காதோடு சொன்னார்: "என் பேரை அழிச்சுட்டு சாவித்ரின்னு எழுது. அவளுக்குத் தெரிய வேண்டாம்."

இசக்கிப்பாண்டி அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதினான்.

எழுதி முடிக்கவும் சாவித்ரி வெளியே வரவும் சரியாக இருந்தது. ஹரிநாராயணன் முதுகால் எழுத்தை மறைக்கப் பார்த்தார். அவளோ சுவரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கண் கலங்கிவிட்டாள்.

"உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தவிச்சிண்டிருந்தேன்னா! நீங்களே எழுதிட்டேளே!"

"எதைச் சொல்றதுன்னு?"

இசக்கிப்பாண்டி பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே சொன்னான்: "மொத நாளு 'புக்டு'ன்னு எழுதுனதே நாந்தான் சாமி. மாமிதான் எழுதச் சொன்னாவ. மறுநாளு மாமி பேரை எழுத வந்தா, நீங்க வெள்ளையடிச்சிட்டு நிக்கீய!"