ஐயா வீட்டு வைக்கோல்

மாடு மறுபடியும் தன் படுக்கையைத் தின்றுகொண்டிருந்தது.

இளையபெருமாள் கொட்டகை வாசலில் நின்று பார்த்தார். தொட்டியில் போட்ட வைக்கோல் போட்டபடி கிடந்தது. மாடு கழுத்தை வளைத்து, காலடியில் விரித்ததை உருவி உருவித் தின்றது.

"மெத்தையத் திங்கிற மாட்ட எங்கயாச்சும் பாத்திருக்கியா?"

"தொட்டியில கெடக்குறது ஒரு மாதிரி வாடை அடிக்குதுங்க," என்றாள் மனைவி ராமாயி.

"அது மெஷின் வாடை. ஐயா வீட்டு வைக்கோலுக்குக் குத்தம் சொல்லாத."

மாடு திருக்காட்டுப்பள்ளி துரைராசு ஐயாவுடையது. கன்றில் பங்கு என்று வாரத்துக்கு வளர்க்க விட்டிருந்தார். முதல் கன்று மாட்டுக்காரருக்கு, இரண்டாவது வளர்ப்பவருக்கு என்று பேச்சு. முதல் கன்று ஐயா வீட்டுக்குப் போய்விட்டது. இரண்டாவது இப்போது வயிற்றில், ஏழு மாதம். நாற்பது வருஷமாக ஊரார் மாட்டுக்குச் சாணி அள்ளிய இளையபெருமாளுக்குச் சொந்தமென்று வரப்போகிற முதல் உருப்படி அது. மாடு மெலிந்தால் ஐயா வயிற்றுக் கன்றோடு சேர்த்து ஓட்டிக்கொண்டு போய்விடுவார். வெள்ளிக்கிழமை பார்க்க வருவதாகப் போனில் சொல்லியிருந்தார்.

வைக்கோல் வந்து பத்து நாளாகிறது. இவர்கள் நடவுக்குப் போயிருந்த நேரத்தில் ஐயா வீட்டு லோடு ஆட்டோ பன்னிரண்டு கட்டுகளை வாசலில் இறக்கிவிட்டுப் போயிருந்தது. பாய் சுருட்டின மாதிரி மெஷின் சுருட்டி, நூல் போட்ட கட்டுகள். அவ்வளவு அழகாகக் கட்டியதைத் தொட்டியில் போடாமல் வேறெங்கே போடுவது? தன் குத்தகை நிலத்தில் கையால் அறுத்து, அடித்து, காயவைத்த வைக்கோலை இளையபெருமாள் தரைக்குத் தள்ளினார்.

"பொன்னாட்டம் இருக்கு நம்ம வைக்கோலு. அதப் போயி மிதிக்க விடுறீங்களே."

"ஐயா வைக்கோல மிதிக்க விட்டா மட்டும் நல்லாருக்குமா?"

வைத்தியம் தொடங்கியது. முதலில் ஐயா வைக்கோலில் உப்புத் தண்ணீர் தெளித்தார். மாடு உப்பை மட்டும் நக்கிவிட்டு வைக்கோலை விட்டுவிட்டது. அடுத்து வெல்லத் தண்ணீர். தொட்டியில் எறும்பு குடியேறியது. மாடு அந்தப் பக்கமே திரும்பவில்லை.

சரி, படுக்கையைத் தின்ன விடாமல் செய்வோம் என்று அதன்மேல் வேப்பெண்ணெய் தெளித்தார். மாடு தின்பதை நிறுத்தியது. அந்த நாற்றத்தில் படுப்பதையும் நிறுத்தியது. இரண்டு நாள் நின்றுகொண்டே இவரை முறைத்தது.

படுக்கையையே வாரி எறிந்தார். வெறும் சிமெண்டுத் தரையில் படுத்து எழுந்து மாட்டுக்கு முட்டி தேய்ந்தது. பசி தாங்காமல் தொட்டியில் நாலு வாய் கடித்தது. அதற்கே வயிறு ஊதி, கழிச்சல் கண்டது. செவ்வாய்க்கிழமை விலா எலும்பைத் தூரத்தில் நின்றே எண்ணலாம்.

"நீங்க வைத்தியம் பாக்க ஆரம்பிக்கறவரைக்கும் மாடு நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் ராமாயி.

"நீ வேற. பத்து கட்டு அப்படியே கெடக்கு. ஏன்டா போடலன்னு கேட்டா என்னா சொல்றது?"

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். ஐந்து கட்டைப் பிரித்துத் தரையில் கனமாகப் பரப்பினார். தின்று தீர்ந்த கணக்கு. ஐயா வருமுன் வாரிக் குப்பைக்குழியில் தள்ளிவிடலாம். தொட்டி காலியாக இருக்கக் கூடாதே என்று போரில் மிச்சமிருந்த தன் வைக்கோலை அதில் போட்டார்.

மாடு தொட்டியை வழித்துத் தின்றது. மெத்தென்ற தரையில் படுத்து, கண்ணை மூடி அசைபோட்டது. சாணி இறுகியது. ஐயாவிடம் என்ன பொய் சொல்வது என்ற கவலையில் இளையபெருமாள் இதையெல்லாம் கவனிக்கவே இல்லை.

வியாழக்கிழமை மதியமே துரைராசு லோடு ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார்.

நேராகக் கொட்டகைக்குள் போனார். தரையிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்தார். தொட்டியிலிருந்து ஒரு பிடி எடுத்து மோந்தார். மாட்டின் வயிற்றைத் தட்டினார்.

"தப்பு நடந்துபோச்சுங்க," என்றார் இளையபெருமாள்.

"என்ன தப்பு? கொஞ்சம் எளைச்சிருக்கு, தேறிடும். எங்க வீட்டுல ஆள் வச்சுப் பாக்குறோம், ஒண்ணும் உருப்படியா இல்ல. இங்க எது எங்க இருக்கணுமோ அது அங்க இருக்கு. கன்னு உங்களது. அது பொறந்ததும் சொல்லுங்க, இன்னொரு மாட்டையும் இங்கயே கட்டிடுவோம்."

அவர் கை கழுவ அடிபம்புக்குப் போனார். லோடு ஆட்டோ ஓட்டும் ஃபாஜில் இளையபெருமாளின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, இது மழையில நனைஞ்ச வைக்கோலு, மாட்டுக்குத் திங்கக் கொடுக்காம கீழ விரிக்கச் சொல்லுன்னு ஐயா சொல்லி அனுப்பிச்சாரு. அன்னைக்கு வீட்டுல ஆளில்ல, நான் யாருகிட்டயும் சொல்லவே இல்ல. ஒங்களுக்கு யாருண்ணே சொன்னா?"