கதவடியில் வந்த சிவப்பு வெளிச்சம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தானும் கடவுள் புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும், இப்போது உங்களோடு இருக்கிற என் மகளும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் பண்ணினால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவுவாய், அவள் பக்கத்திலேயே நிற்பாள், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு அரிசி விலையைப் பேசிவிட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் கடிதம்.

அன்று சாயங்காலம் அவள் அறை வாசலில் இருந்தவர்கள் யார் யாரென்று முதலில் எழுதிவிடுகிறேன். "ஊரே வந்து நின்னு பாத்துச்சு சித்தி" என்று அவள் உன்னிடம் சொல்லியிருப்பாள். ஊர் வரவில்லை. நான், உன் அத்தான், எங்கள் பிரார்த்தனைக் குழுத் தலைவியம்மா, அந்தம்மா எங்கே போனாலும் பின்னாலேயே போகிற அவருடைய நாத்தனார், கீழ்வீட்டுத் தையல்காரி, கூடத்து மின்விசிறியைச் சரிபார்க்க வந்திருந்த எலெக்ட்ரீஷியன். ஆக ஆறு பேர். தையல்காரியின் இடுப்பில் இருந்த கைக்குழந்தையை நான் சேர்க்கவில்லை, அது தூங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக் கணக்கில் ஒரு தீப்பெட்டியைக்கூட விடாமல் எழுதுகிறவள் நான், இதில் மட்டும் கூட்டிக் குறைத்து எழுதுவேனா?

இத்தனைக்கும் ஆரம்பம் பரு போக முகத்தில் மாட்டிக்கொள்ள நீ அனுப்பிய அந்த விளக்கு முகமூடிதான் என்பதை நீ மறக்கக் கூடாது. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பது உனக்குத் தெரியும். வருகிறவர்களுக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, முகம் பார்க்கிற கண்ணாடியை எதிரே பிடிக்க வேண்டும். நாள் முழுக்கப் பிடிக்கிறவளுக்கு அதில் தன் முகமும் தெரியாமல் போகுமா? கன்னத்திலும் தாடையிலும் பருக்கள் கிளம்பிச் சிவந்து, ஒன்று அமுங்கினால் பக்கத்தில் இரண்டு எழும்பி, ஒரு வாடிக்கையாளர் பாவி "கொசுவலை இல்லையாம்மா வீட்ல?" என்று கேட்டுவிட்டார். அடுத்த வாரம் முதலாளி அவளைப் பின்னறையில் லென்சு துடைக்க உட்கார வைத்துவிட்டார். அவள் வீட்டில் வந்து சொல்லவில்லை, கூட வேலை பார்க்கிற பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். குளியலறைக் கண்ணாடி மேல் துண்டைப் போட்டு மூடினாள், எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினாள், அவ்வளவுதான். வருகிறவர்கள் எல்லாரும் வைத்தியர்கள். ஒருத்தி வயிற்றுச் சூடு என்றாள், ஒருத்தி தலையணை உறை என்றாள், தையல்காரி "எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு, கல்யாணம் ஆனதும் போயிருச்சு" என்றாள், அதைக் கேட்டு அவள் புருஷன் "அதெல்லாம் என் மூஞ்சிக்கு வந்துருச்சு" என்றான். என் மகள் சிரிக்கவில்லை. நான் மட்டும் மரியாதைக்குச் சிரித்தேன். அதையும் அவள் பார்த்தாள்.

நீ அனுப்பிய பார்சல் வந்த அன்று நான் பிரார்த்தனைக்குப் போயிருந்தேன். உன் அத்தான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். என்னிடம் மூச்சுவிடவில்லை. "ஏங்க சொல்லல?" என்று பிறகு கேட்டேன். "அவ சொல்லாதேன்னா" என்கிறார். இத்தனை வருஷத்தில் நான் சொன்ன எதையாவது இந்த மனுஷன் இவ்வளவு ஒழுங்காகக் கேட்டிருக்கிறாரா, நீயே சொல். ஆக வீட்டில் மூன்று பேரில் இரண்டு பேருக்குத் தெரிந்த விஷயம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், வேலை முடிந்து வந்ததும் அவள் முகம் கழுவிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள், சற்று நேரத்தில் கதவடி இடுக்கிலிருந்து சிவப்பாக ஒரு வெளிச்சம் கூடத்துத் தரையில் வந்து விழும், உள்ளே ஒரு சத்தமும் இருக்காது. நான் என்ன நினைப்பேன்? சின்ன வயதில் அவள் சிவப்புக் கண்ணாடி விளக்கை ஏற்றிவைத்து என் பக்கத்தில் உட்கார்ந்து பிரார்த்தனை செய்தவள்தானே. வளர்ந்ததும் விட்டவள் திரும்ப ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷத்தில் எனக்கு அன்றைக்குச் சமையலே ஓடவில்லை.

அதன்பிறகு தினமும் அந்த வெளிச்சம் வரும்போது, அவளுக்குத் தெரியாமல், நறுக்க வேண்டிய காய்கறியை எடுத்துக்கொண்டு கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொள்வேன். அவள் உள்ளே, நான் வெளியே. அவள் பிரார்த்தனையோடு என் பிரார்த்தனையும் சேர்ந்து போகட்டும் என்று நானும் மனசுக்குள் சொல்லிக்கொண்டே பீன்ஸ் நறுக்குவேன். தங்கச்சி, சொன்னால் நம்ப மாட்டாய், அவள் பெரியவளான பிறகு நாங்கள் இரண்டு பேரும் சண்டையில்லாமல் ஒன்றாக இருந்த நேரம் அதுதான். சில நாள் வெளிச்சம் நீலமாகவும் வரும். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. தலைவியம்மாவிடம் போய், "சில நாள் சிவப்பா வருதும்மா, சில நாள் நீலமா வருது" என்றேன். அந்தம்மா கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது எல்லாருக்கும் வராது" என்றார். பேட்டரியில் ஓடுகிற சாமானுக்கு இது பொருந்தும் என்று எனக்கோ அந்தம்மாவுக்கோ யார் சொல்லியிருக்கிறார்கள்?

நான் யாரையும் அழைக்கவில்லை. அவர்களாக வந்தார்கள். "தொந்தரவு பண்ண மாட்டோம், வெளியவே உக்காந்து நாங்களும் சேந்துக்கறோம்" என்றார் தலைவியம்மா. வந்தவர்களை வாசலில் வைத்தா பேசுவது? வரிசையாகத் தரையில் உட்கார்ந்தோம். அன்றைக்குச் சிவப்பு. மெதுவாகப் பாட ஆரம்பித்தோம். உள்ளே அவள் காதில் ஹெட்போன், ஒன்றும் கேட்கவில்லை. நாத்தனாரம்மாவுக்கு முதுகு வலி, சாய்ந்துகொள்ள இடம் தேடிக் கதவில் சாய்ந்தார். அந்தத் தாழ்ப்பாள் ஆடுகிறது, ஆடுகிறது என்று உன் அத்தானிடம் சொல்லி என் நாக்குத் தேய்ந்துவிட்டது. கதவு திறந்துகொண்டது, அந்தம்மா மல்லாக்க உள்ளே போய் விழுந்தார். விழுந்த வாக்கில் அண்ணாந்து பார்த்தால், கட்டிலில் கைகளை மார்பில் வைத்துக்கொண்டு ஓர் உருவம், முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக், அதற்குள் கனல் மாதிரி சிவப்பு, கண் இருக்கிற இடத்தில் கறுப்பாக இரண்டு மூடி. அந்தம்மா போட்ட சத்தத்தில் எலெக்ட்ரீஷியன் ஏணியிலிருந்து குதித்து, "யாருக்கோ ஷாக் அடிச்சிருச்சு, தொடாதீங்க!" என்று ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டான். வீடு முழுக்க இருட்டு. அந்த இருட்டில் அவள் முகம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. தலைவியம்மா பாட்டை நிறுத்திவிட்டுப் பேய் ஓட்டுகிற பிரார்த்தனையை எடுத்துக்கொண்டார். என் மகள் எழுந்து உட்கார்ந்தாள். எழுந்து உட்கார்ந்ததும் அந்தம்மா பிரார்த்தனையையும் விட்டுவிட்டு உன் அத்தான் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்.

இதுவரைக்கும் எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. இனிமேல் வராது.

எலெக்ட்ரீஷியன் விஷயம் புரிந்து மெயினைப் போட்ட அதே நேரம் அவள் முகமூடியைக் கழற்றினாள். பளிச்சென்று டியூப் லைட் வெளிச்சம். கழுவித் துடைத்த வெறும் முகம், மறைப்பதற்கு ஒரு பவுடர்கூட இல்லை. எல்லாரும் பார்த்தோம். ஒருத்தராவது தலையைத் திருப்பியிருக்கலாம். தலைவியம்மா நல்ல மனசுக்காரர்தான், வாஞ்சையாகத்தான் சொன்னார்: "கண்ணு, பயப்படாத. உன் முகத்துக்காக வாராவாரம் நாங்க எல்லாரும் உக்காந்து வேண்டிக்கறோம். உங்கம்மா ஒவ்வொரு வாரமும் எங்க எங்க புதுசா வந்திருக்குன்னு சொல்லிருவாங்க." அப்போது கைக்குழந்தையும் முழித்துக்கொண்டது. ஆக ஏழு பேர் என்று அவள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அதோடு தீர்ந்திருக்கும். எல்லாரும் போகும்வரை சும்மா இருந்தாள். பிறகு, "ஏம்மா, காலைல டீ குடுக்கும்போது நீ என் கண்ணைப் பாத்து எத்தனை நாளாச்சு? கன்னத்தைத்தான் பாக்கற. எண்ணற. எண்ணிட்டுப் போய் அங்க ஒப்பிக்கற" என்றாள். நான், "பெத்தவ பாக்காம வேற யாருடி பாப்பாங்க?" என்று கேட்டேன். "கடைல முகம் பாக்கற கண்ணாடி கையில இருக்கு, அதையாச்சும் திருப்பி வெச்சிரலாம். உன்னை எப்படிம்மா திருப்பி வெப்பேன்?" என்றாள். மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். முகமூடியைத் தலையணை மேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

நான் செய்ததில் என்ன தப்பு என்று நீ சொல். பிள்ளைக்கு நோவு என்றால் கடவுளிடம் சொல்லாமல் இருப்பார்களா? சொல்லும்போது விவரமாகச் சொன்னேன், அவ்வளவுதான்.

அவள் போன பிறகு அந்தச் சாமானோடு வந்த சிறு புத்தகத்தை எடுத்துப் படித்தேன். ஏழெட்டு மொழியில் போட்டிருக்கிறான், நம் மொழியில் இல்லை. நீ பள்ளிக்கூடம் போய் இங்கிலீஷ் படித்தாய், நான் அடுப்படியிலிருந்து உன் புத்தகத்தை எட்டிப் பார்த்துப் படித்தவள், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகக் கூட்டினேன். நீல வெளிச்சம் பருவை உண்டாக்குகிற கிருமிக்காம், சிவப்பு உள்ளே இறங்கி வீக்கத்தையும் சிவப்பையும் தணிக்கவாம். முகத்தைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் போட வேண்டும். கண்ணை மூடி மறைக்க வேண்டும். சீக்கிரம் குணமாகட்டும் என்று அதிக நேரம் போடக் கூடாது. எல்லாருக்கும் ஒரே மாதிரி கேட்காது. கேட்டாலும் வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும். இவள் பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். சில மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வெளிச்சம் ஆகாது, டாக்டரைக் கேட்டுக்கொள் என்றும் இருக்கிறது. அவள் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாளா என்று எனக்குத் தெரியாது. கன்னத்தில் எத்தனை என்று தெரியும், இது தெரியாது. நீ படித்தவள், அவளைத் தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. உள்ளே நீ போகாதே, வெளியே உட்கார்.

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான். இந்த விளக்கு எங்கள் வீட்டுக்கு ஆகாது. மருந்துப் பத்தியில் எழுதுவதா, மின்சாரப் பத்தியில் எழுதுவதா, அலங்காரத்தில் எழுதுவதா என்று என் கணக்கிலேயே அதற்கு இடமில்லை. நன்றாகத் துணி சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து, கயிறு கட்டிவிட்டேன். இந்தக் கடிதத்தோடு பார்சலாக வரும். அவளிடம் கொடுத்துவிடு. அவளை வரச்சொல்லி நான் கேட்கவில்லை. வரும்போது வரட்டும், அங்கேயே வேறு வேலை கிடைத்தாலும் சரி. எனக்கு இங்கே நூறு வேலை இருக்கிறது, அவளையே நினைத்துக்கொண்டிருக்க நேரமில்லை.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, நல்ல பேர் எடுத்து, நீண்ட ஆயுசோடு இருக்க ஆசீர்வாதம். என் மகளுக்கும் அதே ஆசீர்வாதம், அவளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம், பொதுவாகச் சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: பார்சல் வராது. கயிறு கட்டியது நிஜம்தான். சாயங்காலம் ஆனதும் நானே அவிழ்த்துவிட்டேன். அவள் போனதிலிருந்து தினமும் அதை எடுத்து அவள் தலையணை மேல் வைத்து, சிவப்பைப் போட்டுவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து காய்கறியோடு உட்கார்ந்துகொள்கிறேன். கதவடியில் வெளிச்சம் வருகிறது. நேரமானால் அதுவே அணைந்துவிடும், அப்போது எழுந்துகொள்வேன். நேற்று உன் அத்தான் வந்து நின்று பார்த்தார். "உள்ள யாரும் இல்லன்னு தெரியுமில்ல?" என்று கேட்டார். "தெரியும்" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸை எடுத்து நார் உரிக்க ஆரம்பித்தார். அவர் உரித்ததில் நார் எல்லாம் அப்படியே இருந்தது, நான் குறை சொல்லவில்லை. தாழ்ப்பாளை மாற்றிவிட்டார். இனி உள்ளே தாழ் போட்டுவிட்டால் உள்ளேயிருந்து திறந்தால்தான் திறக்கும். அவளை வரச்சொல்லிக் கேட்கவில்லை என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படி. பிரார்த்தனைக் குழுவில் அவள் பேச்சை எடுப்பதில்லை, இப்போதெல்லாம் என் முட்டிவலியைச் சொல்கிறேன். டீயை இனிமேல் மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன் என்று அவளிடம் சொல். இல்லை, அப்படிச் சொல்லாதே. கண்ணைப் பார்த்துக் கொடுப்பேன் என்று சொல். அங்கே அவள் கதவைச் சாத்திக்கொள்கிறாளா, திறந்து வைத்திருக்கிறாளா? அதை மட்டுமாவது எழுது. சீக்கிரம் பதில் போடு.